பாஸ் யாருக்கு, பாதி யாருக்கு

சுவிட்சர்லாந்து ரயிலில் 6 வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தை கணக்கிலேயே வராது. கூடப் பெரியவர் ஒருவர் இருந்தால் இலவசம். 6 முடிந்தால் 16 ஆகும்வரை பிள்ளை. அதன்பின் 25 ஆகும்வரை இளைஞர். பாஸ் விலையில் சுமார் 30 சதவீதம் குறைப்பார்கள். 25 ஆகிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் ஒரே விலைதான். வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர் எழுபதைத் தாண்டியிருந்தாலும் ஒரு பிராங்க் குறையாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்மூர்லயும் அதைய எடுத்துப் போட்டாங்களே சாமி" என்றார். உண்மைதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் சலுகைக்காக அம்மா இன்றைக்கும் இந்திய ரயில்வேயிடம் வருத்தமாகத்தான் இருக்கிறார்.

நாங்கள் கிளம்பியது ஆறு பேர். நான், மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள், பன்னிரண்டு வயது மகன், அம்மா, அப்புறம் அக்கா மகன். அவனுக்குப் பத்து வயது. அக்காவுக்கும் அத்தானுக்கும் லீவு கிடைக்கவில்லை, பையனை மட்டும் எங்களோடு அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் கோடு போட்டு யாருக்கு எந்த டிக்கெட் என்று எழுத ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் ஆறு பேரையும் ஒரே கட்டத்துக்குள் அடக்க முடியாது என்பது.

முதலில் வருவது சுவிஸ் டிராவல் பாஸ். அந்த நாட்டில் வசிக்காதவர்களுக்கு மட்டும் விற்பது. 3, 4, 6, 8, 15 நாள் என்று வகைகள். வாங்கிவிட்டால் நாடு முழுக்க ரயில், பஸ், ஏரிக் கப்பல், தொண்ணூறுக்கு மேற்பட்ட ஊர்களில் டிராம், ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். நாங்கள் போன 2024-ல் இரண்டாம் வகுப்பில் 8 நாளைக்கு 419 பிராங்க். அப்போது ஒரு பிராங்க் கிட்டத்தட்ட நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் 8 நாள் பாஸ் என்று எழுதிக் கூட்டினால் 1,700 பிராங்கைத் தாண்டியது. மனைவி அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு நோட்டை மெதுவாக மூடினாள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிற விஷயத்தில் அவள் சத்தம் போடுவதில்லை.

இன்னொன்று அரைக் கட்டண அட்டை. அந்த வருடம் விலை 120 பிராங்க், ஒரு மாதம் செல்லும். இது டிக்கெட் இல்லை. டிக்கெட்டைப் பாதி விலைக்கு வாங்கும் உரிமை மட்டும்தான். ஒவ்வொரு முறையும் பாதிக் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவை போக, பெர்ன் மலைநாட்டுக்கு என்று தனியாக ஒன்று, யுங்ஃப்ராவ் மலைச்சரிவுக்கு என்று இன்னொன்று, வட்டார பாஸ்கள் சில உண்டு. ஒரே இடத்தில் தங்கி அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வராமல் தினமும் மலையேறுகிற கால்கள் இருக்கிற குடும்பத்துக்கு அவை கட்டுப்படியாகும். எங்களிடம் அந்தக் கால்கள் இரண்டு ஜோடிதான் இருந்தன, இரண்டும் பையன்களுடையவை. ஆகவே அந்தப் பக்கத்தைச் சீக்கிரமே தாண்டிவிட்டோம்.

விசித்திரம் எங்கே வருகிறதென்றால், உச்சியில். இன்டர்லாக்கன் பக்கம் போகிற இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலானவை எப்படியும் போய்ச் சேருகிற இடம் யுங்ஃப்ராவ்யோக். கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம். எல்லாம் அடக்கம் என்று சொல்கிற விலை உயர்ந்த டிராவல் பாஸ் அங்கே அடங்காது. வெங்கன், கிரிண்டல்வால்ட் வரைக்கும்தான் அது செல்லும். அதற்கு மேலே 25 சதவீதம் மட்டும் தள்ளுபடி. எளிய அரைக் கட்டண அட்டைக்கோ சரிபாதி. இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல். ஆக அந்த ஒரே பயணத்தில் அட்டைக்குக் கொடுத்த காசு ஏறக்குறைய கைக்கு வந்துவிடும். பெரிய பாஸ் வாங்கியவர் உச்சியில் சின்ன அட்டைக்காரரைவிட அதிகம் கொடுக்கிறார். இதை எத்தனை பேர் அங்கே கவுன்டரில் நின்றுதான் கண்டுபிடிக்கிறார்களோ தெரியாது. நான் நோட்டிலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

இந்த அட்டை, பாஸ் இரண்டோடும் கேட்டால் கூடவே சும்மா தருகிற ஒன்று உண்டு: ஃபேமிலி கார்டு. 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள், பெற்றோரில் ஒருவராவது பாஸோ அட்டையோ வைத்துக்கொண்டு கூட வந்தால் இலவசமாகப் பயணம் செய்யலாம். இதைப் படித்ததும் மகனுக்கும் அக்கா மகனுக்கும் செலவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில் பெற்றோர் என்றால் பெற்றோர்தான் என்று போட்டிருந்தது. அப்பா அல்லது அம்மா. வேறு யாரோடு வந்தாலும் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் உண்டு.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தாய்மாமன்னா அப்பனுக்குச் சமானம்னு எடுத்துச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாடா?" என்றாள். மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவன் நான். முதல் மொட்டை என் மடியில்தான். நாளைக்கு அவன் கல்யாணத்தில் எனக்கென்று தனி மரியாதை, தனிச் சீர் எல்லாம் உண்டு. ஆனால் சுவிஸ் ரயில்வேயின் விண்ணப்பத்தில் தாய்மாமனுக்குக் கட்டம் போடவில்லை. பாட்டிக்கும் போடவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், நம் ஆட்களுக்கு என்று திறந்துவிட்டால் ஒரு பெட்டி முழுக்கச் சொந்தம் ஏறும். இரண்டு பையன்களும் ஒரே உயரம், ஒரே மாதிரி முடிவெட்டு, அண்ணன் தம்பி என்று சொன்னால் யார் கண்டது என்றாள் மனைவி, பாதி விளையாட்டாக. அக்கா மகனுடைய இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அத்தான் பெயரும் அக்கா பெயரும் அச்சாகி இருக்கின்றன. அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை. மாப்பிள்ளைக்கு எங்கே போனாலும் அரை டிக்கெட் என்று நோட்டில் ஏறியது.

பெர்னில் ஓர் அண்ணன் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், 1983-க்குப் பிறகு அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். இன்றைக்கு அங்கே தமிழர்கள் சுமார் 50,000 பேர். ஆரம்பத்தில் வந்தவர்களில் ரொம்பப் பேருக்குக் கிடைத்த வேலை ஹோட்டல் சமையல்கட்டில்தான். இவரும் அப்படித்தான், மலைமேல் இருக்கிற ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவ ஆரம்பித்துச் சமையல்காரராக ஓய்வு பெற்றவர். நண்பர் ஒருவர் மூலம் பழக்கம். என் நோட்டுக் கணக்கையெல்லாம் போனில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, மழையெண்டால் என்ன செய்யப் போறியள்?"

நான் யோசிக்காத கேள்வி இல்லை, ஆனால் நோட்டில் அதற்குப் பத்தி போடவில்லை. "மேல மேகம் மூடிக் கிடக்கேக்க போனால், குளிருக்குள்ள நிண்டு ஒரு கோப்பியைக் குடிச்சிட்டு வருவியள். வெள்ளையாத்தான் இருக்கும், ஒண்டும் தெரியாது. காலமை எழும்பின உடன டிவியைப் போடுங்கோ. மலையைக் காட்டுவினம். தெரிஞ்சால் வெளிக்கிடுங்கோ, தெரியாட்டி விடுங்கோ. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான். எங்கட ஆக்களிட்ட ஹால்ப்டாக்ஸ்தான் இருக்கும்." ஹால்ப்டாக்ஸ் என்பது அங்கே வசிக்கிறவர்கள் வருடக் கணக்கில் வைத்திருக்கிற அரைக் கட்டண அட்டை.

அவர் சொன்னதற்கு அப்புறம் நோட்டே வேறு மாதிரி தெரிந்தது. தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று வாங்குகிற பாஸ், மழை பெய்தாலும் தேய்ந்துகொண்டே இருக்கும். கையில் பாஸ் இருக்கிறதே, வீணாகிறதே என்று மேகத்துக்குள் ஏறச் சொல்லும். முன்கூட்டி வாங்குகிற மலிவு டிக்கெட்டுகளிலும் இதே சிக்கல். நாளுக்கு ஒன்று என்று விற்கிற சேமிப்பு நாள் பாஸ், ஆறு மாதம் முன்பே அரைக் கட்டண அட்டையை வைத்து வாங்கினால் அந்த வருடம் 29 பிராங்க் முதல் கிடைத்தது. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், அந்தத் தேதிக்குத்தான் செல்லும். இன்னும் மலிவான சூப்பர்சேவர் டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும். சமவெளியில் இருக்கிற ஊர்களுக்கு இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள். மலைக்கு என்னவோ, அன்றைக்குக் காலையில் மனசை மாற்றிக்கொள்ள விடுகிற டிக்கெட்தான் நல்ல டிக்கெட் என்று இப்போதும் நினைக்கிறேன், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும்.

எனக்கும் மனைவிக்கும் அரைக் கட்டண அட்டை என்று முடிவாயிற்று. மகனுக்கு எங்களோடு ஃபேமிலி கார்டு. மகள் தனிக் கணக்கு. அவளுக்குப் பனியைவிட அருங்காட்சியகம் முக்கியம். நாங்கள் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அவள் பெர்னுக்கோ லூசெர்னுக்கோ போய்விட வேண்டும் என்கிற ஆள். அவளுக்கு இளைஞர் விலையில் டிராவல் பாஸ்.

மிச்சம் அம்மா.

கணக்குப்படி பார்த்தால் அம்மாவுக்கும் அரைக் கட்டண அட்டைதான் சரி. ரத்த அழுத்தம் இருக்கிறது, மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஏறவேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். கீழே ஏரி, கப்பல், ஜன்னலோர இருக்கை என்று போகிறவருக்கு 419 பிராங்க் பாஸ் எதற்கு என்று நானும் முதலில் எழுதினேன். மனைவிதான் தடுத்தாள். "ஏனுங்க, அத்தையைப் பத்தித் தெரியாதா? ஒவ்வொரு கவுன்டர்லயும் எவ்வளவுன்னு கேப்பாங்க."

அது தெரிந்ததுதான். கேட்பார். கேட்டு, நூறால் பெருக்குவார். பெருக்கி முடித்ததும் முகம் மாறாமல், "நீங்க போயிட்டு வாங்க சாமி, நான் இங்கியே உக்காந்துக்கறேன், எனக்குக் கால் வலிக்குது" என்பார். ஊட்டியில் தொட்டபெட்டா போனபோதும் அதே கால் வலி, மைசூர் அரண்மனை வாசலிலும் அதே கால் வலி. இந்த வலிக்கு மருந்து கிடையாது. டிக்கெட் முன்னாடியே வாங்கி முடிந்துவிட்டது என்று தெரிந்தால் தானாகச் சரியாகிவிடும். அப்போது கீழே உட்கார்ந்திருப்பதுதான் வீண் செலவு. அம்மா வீண் செலவுக்குச் சம்மதிக்கிற ஆள் இல்லை.

ஆகவே எங்கள் வீட்டில் பெரிய பாஸ் இரண்டு பேருக்கு மட்டும், பாட்டிக்கும் பேத்திக்கும். இணையத்தில் போட்ட உதாரணக் கணக்குகள் எல்லாம் குடும்பத்தை ஒரே பயணியாக வைத்து, நான்கால் பெருக்கிக் காட்டுகின்றன. அப்பா எங்கே ஏறுகிறாரோ அங்கே எல்லாரும் ஏறுவார்கள், அப்பா எங்கே இறங்குகிறாரோ அங்கே இறங்குவார்கள் என்று. அப்படி ஒரு குடும்பத்தை நான் இன்னும் ரயிலில் பார்க்கவில்லை.

பாஸ் இப்போதெல்லாம் காகிதமாகக்கூட வேண்டாம், போனில் ஒரு கட்டம் போதும். ஆனால் அம்மாவுக்கு அச்சடித்துக் கொடுத்தோம். நாலாய் மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, பாஸ்போர்ட்டைச் சுருக்குப்பையில் போட்டு, சுருக்குப்பையை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டார். இன்டர்லாக்கன் போகிற ரயிலில் கண்டக்டர் பெண்மணி ஒருவர் வந்தார். நீல உடுப்பு, கையில் ஸ்கேன் செய்கிற கருவி. எங்கள் போன்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். அட்டை தனியாக, டிக்கெட் தனியாக, ஃபேமிலி கார்டு தனியாக, மாப்பிள்ளையின் அரை டிக்கெட் தனியாக. நான் திரையைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் முறை வந்தது. ஸ்வெட்டர், சுருக்குப்பை, நாடா, பாஸ்போர்ட், காகிதம். அந்தப் பெண் அவசரப்படவில்லை. காகிதத்தைப் பிரித்து ஸ்கேன் செய்து, பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிபார்த்து, மறுபடி அதே மடிப்பில் மடித்துக் கொடுத்தார். "என்னுது ஒரே சீட்டு, உன்னுதுதான் இத்தன இருக்குது" என்று அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பயணம் முழுக்க அவருக்கு என்மேல் ஒரு இளக்காரம் இருந்தது; அது பாஸ் விலையில் சேர்த்தியா என்று தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் மேகம். விடுதி டிவியில் ஒரு சானல் நாள் முழுக்க மலை உச்சிகளில் வைத்த கேமராக்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டுகிறது. கூடவே அந்த ஊர் வாத்திய இசை. யுங்ஃப்ராவ்யோக் என்று கீழே எழுத்து வரும், மேலே வெள்ளைத் துணி. பையன்கள் இருவரும் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு அதன் முன்னால் நிற்பார்கள். நான் டிக்கெட் வாங்கவில்லை. வாங்காததால் எதுவும் வீணாகவில்லை. அதில் ஒரு நாள் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் டிரியூமெல்பாக் அருவிக்குப் போனோம். மழை நாளுக்கென்றே செய்து வைத்த இடம் அது: மலையின் வயிற்றுக்குள்ளேயே குடைந்துகொண்டு விழுகிற பத்து அருவிகள். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று மலைகளின் பனிப்பாறை நீர் அந்தப் பிளவு வழியாக இறங்குகிறது. சத்தத்தில் பாறை அதிர்வது கைப்பிடிக் கம்பியில் தெரியும். எந்தப் பாஸும் அங்கே செல்லாது, வாசலில் டிக்கெட் வாங்க வேண்டும். அம்மா விலையைக் கேட்டார். அவருக்குக் கால் வலித்தது.

மூன்றாம் நாள் டிவியில் மலை தெரிந்தது. பையன்கள் கத்திய கத்தில் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் நாங்கள் நான்கு பேர் நிலையத்தில் இருந்தோம். அம்மாவும் மகளும் பிரியன்ஸ் ஏரிக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

யுங்ஃப்ராவ் ரயிலே ஒரு குடும்ப உலாவில் பிறந்ததுதான். அடோல்ஃப் குயர்-செல்லர் என்கிற ஆலை முதலாளி 1893 ஆகஸ்டில் மகளோடு மியூரன் பக்கத்து மலையில் நடந்துபோனபோது, எதிரே தெரிந்த மலைக்குள் குடைந்துகொண்டு ரயில் விட்டால் என்ன என்று தோன்றிக் கோடு போட்டுப் பார்த்தாராம். 1896-ல் வேலை ஆரம்பித்தது. 1899-ல் அவர் இறந்துபோனார். ரயில் மேலே போய்ச் சேர்ந்தது 1912-ல். ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலான அந்தப் பாதையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். இவ்வளவு காசு கொடுத்துப் போகிறவர் ரயிலில் பார்ப்பது பெரும்பாலும் இருட்டுதான் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. மேலே போனபின் பார்ப்பது வேறு. வானம் தெளிவாக இருந்த அன்றைக்கு அலெட்ஷ் பனிப்பாறை கண்ணுக்கு எட்டிய தூரம் வளைந்து கிடந்தது. பையன்கள் ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். மிச்ச நேரம் பனியை எடுத்து ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் டிக்கெட்டில் அடக்கம்.

அம்மாவுக்குக் கிடைத்த மலை ரிகி. டிராவல் பாஸில் முழுக்க இலவசமாக ஏறக்கூடிய சில மலைகளில் அது ஒன்று, உயரம் 1,800 மீட்டருக்குக் கீழே, டாக்டருக்கும் ஆட்சேபம் இருக்காது. இன்டர்லாக்கனிலிருந்து புருனிக் கணவாய் வழியாக லூசெர்னுக்கு ரயில். அங்கிருந்து விட்ஸ்னாவுக்குக் கப்பல். அங்கிருந்து பல்சக்கர ரயில். காலையில் ஏறினால் மூன்று விதமான வண்டி, மூன்றுக்கும் அதே மடித்த காகிதம். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு இடத்திலும் எனக்கு டிக்கெட் வாங்க நான் ஓடினேன்; அம்மா இருக்கையில் சாவகாசமாக இருந்தார்.

விட்ஸ்னா நிலையத்தில் தண்டவாளத்துக்கு நடுவே ஏணி மாதிரி இரும்புப் பல் ஓடுவதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம மேட்டுப்பாளையம் ரயிலாட்டவே இருக்குதே" என்றார். சொந்தம் உண்டு. 1871-ல் ஓட ஆரம்பித்த இந்த ரிகி பாதையைப் போட்ட நிக்லாஸ் ரிக்கன்பாக்கைத்தான் 1880-களில் நீலகிரிக்கு அழைத்து வந்து, குன்னூருக்கு ரயில் ஏற்ற என்ன ஆகும் என்று மதிப்பீடு கேட்டார்கள். அந்தத் திட்டம் அப்படியே நிறைவேறவில்லை. கடைசியில் 1899-ல் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறிய பாதையில் போட்டது ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்கிற இன்னொரு சுவிஸ்காரரின் பல்சட்டம். அதில் ஓடிய பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் விண்டர்டூரில் இருந்த சுவிஸ் தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்தவை. அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப இவிங்க நம்மளுக்குக் குடுத்ததுதான்" என்று தலையாட்டிவிட்டு, ஏதோ சம்பந்தி வீட்டு வண்டியில் ஏறுகிற உரிமையோடு ஏறினார். மேலே போய் நின்று சுற்றிலும் ஏரிகளைப் பார்த்தார். எவ்வளவு என்று கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வி வராததை நான் மலையைவிட அதிகமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பெர்னுக்கும் அப்படித்தான் போனோம். அண்ணனைப் பார்க்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா. ஐரோப்பா சதுக்கத்தில் 2014 டிசம்பரில் திறந்த மதங்களின் இல்லம் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இந்துக் கோயில், மசூதி, பௌத்த நிலையம், தேவாலயம். கோயில் தமிழர்களுடையது. உள்ளே போனால் சாம்பிராணி வாசமும் அர்ச்சனையும் தமிழ்ப் பேச்சும். வெளியே வந்தால் எதிரே டிராம். அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மாவின் பாஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நல்லது. அம்மாவுக்கு இதுதான் சரி" என்றார். எனக்குக் கொடுத்த யோசனைக்கு நேர்மாறாக இருக்கிறதே என்றேன். "நீங்கள் மலைக்குப் போறியள். அவ ரயில்ல போறா" என்றார்.

அண்ணன் கவனித்தது சரி. அம்மாவுக்கு ஊர் பார்ப்பதில் அவ்வளவு நாட்டம் இல்லை, போவதில்தான். எந்த நிலையத்திலும் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு ரயில் அதே நிமிஷத்தில் கிளம்பும்படி 1982-ல் அந்த நாடு முழுக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஒரு வண்டியிலிருந்து இறங்கினால் நாலைந்து நிமிஷத்தில் எதிர்ப் பிளாட்பாரத்தில் அடுத்தது நிற்கும். எனக்கு அந்த நாலு நிமிஷம் பதற்றம். ஆறு பேர், இரண்டு பெட்டி, ஒரு பையன் காணவில்லை. அம்மா அசையமாட்டார். "இது போனா இன்னொண்ணு வராதா?" வந்தது. ரயிலுக்கென்று கட்டிப்போடாத டிக்கெட் வாங்கியிருந்ததற்கு எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டேன்.

செலவை ஊருக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அட்டையில் நல்ல லாபம். மகள் பாஸை உரித்து எடுத்துவிட்டாள், அது கேள்வியே இல்லை. அம்மாவுடையது ஏறக்குறைய சரிக்குச் சரி வந்தது. மாப்பிள்ளையின் அரை டிக்கெட்டுகளுக்கான காசை அத்தான் அனுப்புகிறேன் என்றார், வாங்க மறுத்துவிட்டேன். தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகளில் அதையும் சேர்த்துக்கொண்டேன். அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது.

பாஸின் எட்டாம் நாள்தான் கிளம்பும் நாள். விமானம் இரவு. காலையிலேயே சூரிச்சுக்கு வந்து, நிலையத்து லாக்கரில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, எங்கேயாவது உட்காரலாம் என்று நாங்கள் பெஞ்ச் தேடினோம். எல்லாருக்கும் அசதி. அம்மா மட்டும் வாசலில் நின்று, நீலமும் வெள்ளையுமாக வந்து போகிற டிராம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டியும் என்ற பாஸுல வருமா?"

"வரும்மா."

"இன்னிக்கு ராத்திரி வரைக்கும் இருக்குதல்ல?"

"இருக்குது."

சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பேத்தி ஏற்கனவே எழுந்து நின்றாள், அவளிடமும் அதே பாஸ். நான், அன்றைக்குச் செலவழிக்க மிச்சம் இருந்த சில்லறையை மனசுக்குள் எண்ணி, எனக்குக் கால் வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வலிக்காது. போயி டிக்கெட் வாங்கிட்டு வா."